'கிளீவ்': பிளப்பதா, பற்றிக்கொள்வதா?

ஆங்கில பைபிளைத் தமிழாக்கும்போது 'கிளீவ்' (cleave) என்ற வினையை எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் குறிப்பிட்ட ஆதியாகமம் 2:24 வசனத்தில் அதற்குப் பற்றிக்கொள்ளுதல் என்பதே பொருள். ஆகவே 'மனைவியைப் பிளப்பான்' என்று வந்த உங்கள் வரியை 'மனைவியோடு இணைந்திருப்பான்' என்று மாற்றிவிடுங்கள்.

பழைய ஆங்கிலத்தில் பிளத்தலுக்கு ஒன்றும் ஒட்டுதலுக்கு ஒன்றுமாகத் தனித்தனியே இருந்த இரு வினைகள், காலப்போக்கில் ஒரே எழுத்தும் ஒலியும் பெற்றுவிட்டன. உங்கள் கையகராதி, இன்று கூடுதலாக வழங்கும் பிளத்தலை மட்டும் தந்திருக்கக்கூடும்.

வினைக்கு அடுத்து வருவதைப் பாருங்கள். 'டு' (to) அல்லது 'அன்டு' (unto) வந்தால் பெரும்பாலும் பற்றுதல்; விறகு, பாறை போன்ற பொருள் நேரடியாக வந்தால் பிளத்தல். அப்பிரகம் (மைக்கா) மெல்லிய தகடுகளாகப் பிரிவதையும், கரு உயிரணு முதன்முதலில் பிரிவதையும் சொல்லும் 'கிளீவேஜ்' (cleavage) இந்தப் பிளத்தலின் வழி வந்ததே.

இறந்தகால வடிவத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். 'கிளெஃப்ட்' (cleft), 'குளோவன்' (cloven) இரண்டும் பிளத்தலுக்கே உரியவை என்பதால் அங்கே குழப்பமில்லை. ஆனால் 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பில், ஆபிரகாம் தகனபலிக்கு விறகு பிளந்ததற்கும் (ஆதியாகமம் 22:3), ரூத் தன் மாமியாரை விடாமல் பற்றிக்கொண்டதற்கும் (ரூத் 1:14) 'கிளேவ்' (clave) என்ற ஒரே வடிவம்தான் வருகிறது. நீங்கள் மொழிபெயர்ப்பது அந்தப் பதிப்பையே என்பதால், ஒவ்வோர் இடத்திலும் முழு வாக்கியத்தையும் படித்த பிறகே பொருளை முடிவு செய்யுங்கள்.