பித்தப்பையை எடுக்கவா, பொறுத்துப் பாக்கவா?

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு 43 வயசு, மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம், சுகர் பிரஷர் எதுவும் கிடையாது. போன தை மாசம் நாத்தனார் வீட்டு காதுகுத்துக்குப் போய் பிரியாணி சாப்ட்டு வந்த அன்னிக்கு ராத்திரி 11 மணி இருக்கும், நெஞ்சுக்குழியில ஆரம்பிச்சு வலது விலா கீழ அப்படியே இறுக்கிப் பிடிச்ச மாதிரி வலி, முதுகு வழியா தோள்பட்டை வரைக்கும் ஏறுச்சு, ரெண்டு தடவ வாந்தி. கேஸ்னு நெனச்சு சோடா குடிச்சேன், பெருங்காயம் கரைச்சு குடிச்சேன், விடியக்காலம் 3 மணிக்கு தானா விட்டுருச்சு. அப்புறம் சித்திரையில ஒரு தடவ, இப்ப போன மாசம் ஒரு தடவ, அது ஊசி போட்டாத்தான் அடங்குச்சு. ஸ்கேன்ல பித்தப்பை நெறைய சின்னச் சின்ன கல்லு, பெருசு 8 எம்எம், பித்தக்குழாய் நார்மல்னு போட்டிருக்கு. டாக்டர் பையவே எடுத்துரணும்ங்கறார். கல்லை மட்டும் எடுக்க முடியாதா அக்கா? மாமியார் உறுப்ப எடுத்தா ஆயுசுக்கும் கஞ்சிதான்ங்கறாங்க, பக்கத்து வீட்ல வாழைத்தண்டு ஜூஸ் குடிச்சா கரைஞ்சிரும்ங்கறாங்க, வீட்டுக்காரர் உன் இஷ்டம்னு சொல்லிட்டார். பொண்ணு பிளஸ் டூ, மார்ச்ல பரிட்சை. அதுவரைக்கும் தள்ளிப்போடலாமா, இல்ல வேண்டவே வேண்டாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, நான் டாக்டர் இல்ல, 31 வருஷம் சர்ஜரி வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருந்தவ, உங்கள மாதிரி விலாவ பிடிச்சுக்கிட்டு குனிஞ்சபடி வந்து படுத்தவங்க எத்தன பேருன்னு கணக்கே இல்ல, அதனால உங்க டாக்டர் ரெண்டு நிமிஷத்துல சொன்னத நான் உக்காந்து நிதானமா சொல்றேன், முடிவ அவரும் நீங்களும் பேசி எடுங்க.

முதல்ல ஒரு விஷயம். கல்லு இருக்குங்கறதுக்காக மட்டும் பொதுவா ஆபரேஷன் கிடையாது, அந்தக் கல்லு வலி குடுக்குதாங்கறதுதான் கேள்வி. வலின்னா எந்த வலி? அங்கதான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க. தெனமும் வயிறு உப்புசம், ஏப்பம், புளிச்ச தண்ணி, சாப்ட்டதும் பாரம், இதெல்லாம் பித்தக்கல்லு வலி இல்ல, இதுக்காக பைய எடுத்தா பை போயிரும் உப்புசம் அப்படியே இருக்கும், அப்புறம் ஆபரேஷன் சரியா பண்ணலன்னு டாக்டரத் திட்டுவாங்க. கல்லு வலி வேற மாதிரி. வரும்போது அலையடிச்ச மாதிரி வந்து ஏறி, அரைமணி நேரத்துல இருந்து நாலஞ்சு மணி நேரம் அப்படியே நின்னு, எப்படிப் படுத்தாலும் எப்படி உக்காந்தாலும் கேக்காது, முதுகுக்கும் வலது தோளுக்கும் போகும், அப்புறம் விட்டுட்டா வாரக்கணக்கா மாசக்கணக்கா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். பெரும்பாலும் ராத்திரி, விருந்து சாப்ட்ட அன்னிக்கு. நீங்க எழுதியிருக்கறது அச்சு அசல் அதுதான், உங்க லெட்டர படிச்சப்ப எனக்கு அந்த வார்டு ராத்திரியெல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு.

ஏன் அப்படி வலிக்குதுன்னா, பித்தநீர் சுரக்கறது பித்தப்பையில இல்ல, ஈரல்ல, ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேலயே சுரக்கும். பை வெறும் 30, 50 மில்லி பிடிக்கற சின்ன சேமிப்புத் தொட்டி. எண்ணெய், கறி, நெய்யின்னு உள்ள போனதும் அது சுருங்கி பித்தநீர குடலுக்குப் பீச்சும். அந்த நேரம் பாத்து ஒரு கல்லு வாய்க்கால்ல மடை அடைச்ச மாதிரி பையோட கழுத்துல போய் உக்காந்துரும், பை அமுக்க அமுக்க வழி இல்லாம வலி. கல்லு நழுவி திரும்ப பைக்குள்ள விழுந்ததும் வலி நின்னுரும். நீங்க குடிச்ச சோடாவுக்கும் பெருங்காயத்துக்கும் இதுல வேலை இல்ல, கல்லு நழுவி விழுந்த நேரமும் நீங்க குடிச்ச நேரமும் ஒத்துப்போச்சு, அவ்ளோதான். (இத படிக்கற எல்லாருக்கும் கேட்டுக்கறேன், நெஞ்சுக்குழியில இப்படி வலின்னா கேஸ்னு நீங்களே முடிவு கட்டாதீங்க, முதல்ல ஒரு ஈசிஜி எடுங்க, ஹார்ட் அட்டாக்கும் இப்படித்தான் வரும், வேர்த்துக் கொட்டி சோடா பாட்டிலோட வந்தவங்கள நான் பாத்திருக்கேன்.)

கல்லை மட்டும் எடுக்கலாமேன்னு கேக்கறீங்க. எடுத்தா அந்தப் பை மறுபடி கல்லு செய்யும், செய்யற இடம் அதுதானே. கரைக்கற மாத்திரைன்னு உர்சோ இருக்கு, ஆனா அது கொலஸ்ட்ரால் கல்லுக்குத்தான், அதுவும் ரொம்ப சின்னதா இருக்கணும், ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் விடாம சாப்பிடணும், கரைஞ்சவங்கள்லயும் பாதிப் பேருக்கு அஞ்சு வருஷத்துக்குள்ள திரும்ப வந்துரும். நம்ம தென்னாட்டுப் பக்கம் நெறைய பேருக்கு வர்றது கருப்புக் கல்லு. தியேட்டர்ல இருந்து எடுத்த பைய கிட்னி ட்ரேல வெச்சு, கத்தரியால கீறிக் காமிப்பாங்க, கரும்பச்சையா கொழகொழன்னு பித்தநீர், அதுக்குள்ள ஒரு கைப்பிடி மிளக அள்ளிக் கொட்டுன மாதிரி கல்லு, ட்ரேல விழும்போது கலகலன்னு சத்தம் கேக்கும். வெளிய நிக்கற சொந்தக்காரங்க அதப் பாத்துட்டு இம்மாங் கல்லா இவ வயித்துலன்னு வாயப் பொத்துவாங்க. ஒரு பாட்டி அத ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போச்சு. அந்தக் கருப்புக் கல்லு எந்த மாத்திரைக்கும் கரையாது. வாழைத்தண்டு நல்ல சாப்பாடு, சாப்பிடுங்க, ஆனா ஜூஸ் போற வழி வேற, பித்தப்பை இருக்கற இடம் வேற, கிட்னி கல்லுக்கு சொல்றத இதுக்கும் சொல்லிட்டு இருக்காங்க. ஆலிவ் ஆயில்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சா பச்சைப் பச்சையா கல்லு வெளிய வரும்னு வாட்ஸ்அப்ல சுத்துது பாருங்க, அத மட்டும் தயவுசெஞ்சு பண்ணிராதீங்க, வெளிய வர்றது கல்லு இல்ல, குடிச்ச எண்ணெயே குடல்ல சோப்பு மாதிரி கட்டிக்கிட்டு வர்றது, வெறும் வயித்துல அவ்வளவு எண்ணெய் குடிச்சா அன்னிக்கே வலி வந்து அட்மிட் ஆக வேண்டி வரலாம்.

சரி, ஆபரேஷன் பண்ணாமலே இருந்தா என்ன ஆகும்? இதுல நான் உங்களப் பயமுறுத்த மாட்டேன். இங்கிலாந்துல உங்கள மாதிரி வலி மட்டும் வந்து வேற சிக்கல் இல்லாத 434 பேர ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு ஆபரேஷன், ஒரு பாதிக்கு பொறுத்துப் பாப்போம்னு வெச்சு 18 மாசம் கவனிச்சாங்க, 2023ல வெளிவந்துச்சு. ரெண்டு பக்கமும் வலிக் கணக்குல பெரிய வித்தியாசம் இல்ல, பொறுத்துப் பாத்தவங்கள்ல நாலுல ஒருத்தர்தான் அதுக்குள்ள ஆபரேஷனுக்குப் போனாங்க. அதனால ஒரே ஒரு தடவ வலி வந்து அடங்கிருச்சு, எனக்கு இப்ப இஷ்டமில்லன்னு ஒருத்தர் சொன்னா அது முட்டாள்தனம் கிடையாது, சாப்பாட்டப் பாத்துக்கிட்டு இருக்கலாம். ஆனா உங்களுக்கு பத்து மாசத்துல மூணு தடவ, கடைசி தடவ ஊசி வரைக்கும் போயாச்சு, அதோட கல்லு சின்னச் சின்னதா நெறைய. பெரிய கல்லுதான் ஆபத்துன்னு நாம நெனப்போம், உண்மையில சின்ன கல்லுதான் நழுவிப் பித்தக்குழாய்க்குப் போகும். அங்க போய் அடைச்சா காமாலை, கணையத்து வாய அடைச்சா கணைய வீக்கம்.

எங்க பெரியம்மா மக அப்படித்தான் ஆனா. ரெண்டு தடவ வலி வந்துச்சு, நான் சொன்னேன், கெஞ்சினேன், கிரகப்பிரவேசம் முடியட்டும், பையனுக்கு லீவு விடட்டும்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டு இருந்தா. ஒரு நாள் காலையில ஒண்ணுக்கு கட்டங்காப்பி கலர்ல போகுதுடின்னு போன் பண்ணா, அன்னிக்கு சாயங்காலமே குளிர் காய்ச்சல், கண்ணு மஞ்சள், கணையமும் வீங்கிப்போச்சு. 11 நாள் ஐசியூல கெடந்து, எண்டோஸ்கோப்பி வழியா குழாய்க் கல்ல எடுத்து, அப்புறம்தான் பைய எடுத்தாங்க. ஒரு நாள் ரெண்டு நாள்ல வீடு திரும்ப வேண்டியவ மாசக்கணக்கா எந்திரிக்கல. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமோன்னு இப்பவும் எனக்கு மனசு அடிச்சுக்கும், அதனாலதான் உங்களுக்கு இவ்வளவு எழுதறேன்.

என் மனசுல பட்டது, உங்களுக்கு ஆபரேஷன்தான் சரி. மார்ச் வரைக்கும் தள்ளிப்போட வேணாம், பொண்ணு பரிட்சைக்கு நடுவுல நீங்க எமர்ஜென்சியில போய் படுத்தா அது அவளுக்கு இன்னும் கஷ்டம். அரையாண்டு பரிட்சை முடிஞ்சு லீவு விடுவாங்கல்ல, அந்த வாரம் தேதி கேளுங்க, பொண்ணும் வீட்ல இருப்பா, ஒரு கை தண்ணி குடுக்க ஆளிருக்கும். அதுக்கு முன்னாடி ஈரலுக்கான ரத்த டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேளுங்க, அதுல ஏதாவது ஏறி இருந்தா குழாய்ல கல்லு இருக்கான்னு எம்ஆர்சிபி ஸ்கேன் பாத்துட்டுத்தான் கை வைப்பாங்க.

பயத்துக்கு வர்றேன். நான் வேலைக்குச் சேந்த காலத்துல வலது விலா கீழ ஒரு சாண் நீளத்துக்குக் கிழிப்பாங்க, ஒரு வாரத்துக்கு மேல வார்டுல கெடப்பாங்க, இருமும்போது தலகாணிய வயித்துல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. 1990ல பம்பாயில முதல் லேப்ராஸ்கோப்பி பண்ணாங்க, அப்புறம் மெதுவா நம்ம ஊருக்கும் வந்துச்சு. இப்ப நாலு துளை, தொப்புள்கிட்ட ஒண்ணு, மத்தது மேல வயித்துல, கார்பன் டையாக்சைடு வாயு அடிச்சு வயித்த உப்ப வெச்சு, கேமரா விட்டு, பையோட குழாயையும் ரத்தக்குழாயையும் கிளிப் போட்டு வெட்டி, ஒரு சின்ன பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு வெளிய எடுத்துருவாங்க. மயக்கம் தெளிஞ்சதும் வயித்தவிட தோள்பட்டைதான் வலிக்குதுன்னு சொல்லுவீங்க, பயந்துராதீங்க, அது உள்ள தங்குன வாயு, எந்திரிச்சு நடந்தா ரெண்டு மூணு நாள்ல போயிரும். ஆபத்தே இல்லையான்னா இருக்கு. ஆயிரம் பேர்ல மூணு பேரு அஞ்சு பேருக்கு முக்கியமான பித்தக்குழாய் காயப்பட்டுரும், அது சின்ன விஷயம் இல்ல, மறுபடி பெரிய ஆபரேஷன் வரைக்கும் போகும். அதனால டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, நீங்க மாசத்துக்கு எத்தன பண்றீங்க, உள்ள ஒட்டிக்கிட்டு தெளிவா தெரியலன்னா என்ன பண்ணுவீங்கன்னு. தேவைப்பட்டா திறந்து பண்ணிருவேன்னு சொல்றவர நம்பலாம், அது தோல்வி இல்ல, நிதானம்.

கஞ்சி விஷயம், மாமியார்கிட்ட சொல்லுங்க, பை போனாலும் ஈரல் சுரந்துக்கிட்டேதான் இருக்கும், நேரா குடலுக்கு சொட்டுச் சொட்டா போகும். முதல் ரெண்டு மூணு வாரம் எண்ணெய் கொறைச்சு இட்லி, ரசம் சாதம், மோர், அப்புறம் எல்லாரும் சாப்பிடறதுதான். செலவுக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல முன்கூட்டியே விசாரிங்க, அரசு மெடிக்கல் காலேஜ்லயும் இத தொடர்ந்து பண்றாங்க.

தேதி வர்றதுக்குள்ள காய்ச்சலோட வலி, அஞ்சு ஆறு மணி நேரத்துக்கு மேல விடாத வலி, கண்ணு மஞ்சள், ஒண்ணுக்கு கருத்துப்போறது, இதுல எது வந்தாலும் ராத்திரி 2 மணியா இருந்தாலும் கெளம்பிருங்க. விடியட்டும்னு இருக்காதீங்க.

கேள்வி: வயசு 58, திருப்பூர்ல பனியன் கம்பெனில சூப்பர்வைசர். மாஸ்டர் செக்கப்ல பித்தப்பையில 14 எம்எம் கல்லு ஒண்ணு இருக்குன்னு வந்துச்சு. இதுவரைக்கும் ஒரு வலியும் இல்ல. பின்னாடி தொந்தரவு வரும், இப்பவே எடுத்துருங்கன்னு ஸ்கேன் சென்டர்ல இருந்த ஒருத்தர் சொல்றார்.

பதில்: வேணாம்ண்ணா. வலியே இல்லாம தற்செயலா தெரிஞ்ச கல்ல சும்மா விட்டுரலாம், நூறு பேர்ல வருஷத்துக்கு ரெண்டு மூணு பேருக்குத்தான் அது தொந்தரவா மாறும், மத்தவங்க கல்லோடயே காலத்த ஓட்டிருவாங்க. கல்லு 3 சென்டிமீட்டருக்கு மேல, பை சுவர்ல சுண்ணாம்பு படிஞ்சிருக்கு, கூடவே 1 சென்டிமீட்டர் பாலிப் (பை உள்சுவர்ல சதை வளர்ச்சி), இப்படி ஏதாவது ரிப்போர்ட்ல இருந்தா மட்டும் சர்ஜன்கிட்ட காமிங்க. ஒண்ணு செய்யுங்க, உங்க மெடிக்கல் இன்சூரன்ஸ் பேப்பர எடுத்துப் பாருங்க, நெறைய பாலிசியில பித்தக்கல்லுக்கு ரெண்டு வருஷம் காத்திருப்புக் காலம்னு இருக்கும், அது முடிஞ்சிருச்சான்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க. பட்டினி கெடந்து வேகமா எடை கொறைக்காதீங்க, அதுவே புதுக் கல்ல உண்டாக்கும்.

கேள்வி: பித்தப்பை எடுத்து அஞ்சு வாரம் ஆச்சு, வலி போயிருச்சு, ஆனா சாப்ட்டதும் பாத்ரூம் ஓட வேண்டியிருக்கு. பஸ்ல வேலைக்குப் போறவ, ரொம்ப சங்கடமா இருக்கு அக்கா.

பதில்: சில பேருக்கு இப்படி ஆகும்மா, பித்தநீர் தேங்காம நேரா குடலுக்கு வர்றதால. முக்காவாசி பேருக்கு கொஞ்ச மாசத்துல குடலே பழகிக்கும். காலையில பூரி, வடை வேணாம், காப்பிய கொறைங்க, ஒரே வேளையா வயிறு நெறைய சாப்பிடாம பிரிச்சு சாப்பிடுங்க. மூணு மாசம் ஆகியும் நிக்கலன்னா வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, குடல்ல இருக்கற பித்தநீர பிடிச்சு வெக்கிற கொலஸ்டிரமின்னு ஒரு பவுடர் இருக்கு, தண்ணியில கலந்து குடிக்கறது, நெறைய பேருக்கு அதுலயே நின்னுரும். வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறதா இருந்தா அந்தப் பவுடருக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுருங்க, இல்லன்னா மாத்திரையையும் சேத்துப் பிடிச்சுக்கும்.