வியாழன் இரவுத் தூக்கம் போகிறதா? பவர் டேபிளை இப்போதே மூட வேண்டாம்

பவர் டேபிளை, அதாவது உங்கள் தையல் யூனிட்டை, மூடிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூடும் முடிவை இந்த மாதம் எடுக்காதீர்கள். வியாழன், வெள்ளி இரவுகளில் 3 மணிக்கு விழிப்பு, ஞாயிறு நல்ல தூக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்தால், சனிக்கிழமை ஆட்களுக்குக் கூலி கொடுக்கக் கையில் பணம் இல்லாததுதான் உங்களை வதைக்கிறது என்று நினைக்கிறேன். நானும் திருப்பூரில் 12 மெஷின் வைத்து ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைப்பது) செய்கிறேன். அந்த விழிப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்று செய்து பாருங்கள். இரண்டு வாரம், விழித்ததும் முதலில் என்ன நினைவுக்கு வந்தது என்று ஒரே வரி எழுதி வையுங்கள். பெரும்பாலும் ஆர்டர் கொடுக்கும் ஒரே பார்ட்டியின் பாக்கிதான் வரும் (எனக்கு அப்படித்தான் வந்தது).

அப்படியானால் அந்தப் பாக்கியைப் பிடியுங்கள். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. முதலில் பில் தேதிகளோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். பாக்கிப் புகாருக்கான அரசு இணையதளத்தில் புகார் செய்தால் அந்த பார்ட்டியின் ஆர்டர் நின்றுபோகலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பாக்கி வந்த பிறகும் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு கணம் தோன்றினாலும் உடனே அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, இரவிலும் தமிழிலேயே பேசலாம்.