ஓரியூர் மண் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள டீச்சர், எனக்கு 29 வயசு, சொந்த ஊர் தேவகோட்டை பக்கம், சென்னையில வேலை. ஊருக்கு வந்தா கோயில்ல பாட்டுக்குழுவுல பாடுவேன். நான் கே. வீட்டுல யாருக்கும் தெரியாது. பொண்ணு பாத்துட்டாங்க, கல்யாணம் முடிஞ்சா ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு வந்து முடி குடுக்குறேன்னு அம்மா நேந்திருக்காங்க. ஆம்பளைங்க உறவுக்காகக் கடவுள் அழிச்சார்னு சொல்வாங்களே, பைபிள்ல வர்ற அந்த சோதோம் ஊர் கதைய நினைச்சா பயமா இருக்கு. நான் பூசையில நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கலாமா? கல்யாணம் பண்ணா சரியாயிருமா?
– ஒரு வாசகர்

தம்பி,

என் மகன் வயசு உனக்கு, அதனால நீன்னே எழுதுறேன்.

சோதோமை விடு. எசேக்கியேல் 16:49 எடுத்துப் படி, அந்த ஊர் பண்ண பாவம் என்னன்னு அங்கயே இருக்கு, வயிறு நெறஞ்ச கர்வமும் ஏழைக்குக் கைகொடுக்காததும். நன்மை வாங்குறதப் பத்தி உன்னைய நல்லாத் தெரிஞ்ச ஒரு சாமியார்கிட்ட கேளு. திருச்சபையோட மறைக்கல்வி நூல் ஆணும் ஆணும் சேர்ற உறவத் தப்புன்னுதான் சொல்லுது, அத நான் உங்கிட்ட மறைக்க மாட்டேன், ஆனா அதே நூல் 2358-ஆம் எண்ணுல உன்ன மாதிரி ஆளுகள மரியாதையோட ஏத்துக்கணும், அநியாயமா ஒதுக்கக் கூடாதுன்னும் சொல்லுது. ஜெபம் பண்ணி மாத்துறேன், கவுன்சிலிங்ல குணமாக்குறேன்னு எவனாவது கூப்பிட்டா போயிறாத, மெட்ராஸ் ஹைகோர்ட்டே 2021 ஜூன்ல அந்த மாதிரி வைத்தியத்துக்குத் தடை சொல்லிருச்சு.

ஆனா ஓரியூர்னு எழுதுன பாரு, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரல.

எங்க அத்தை தேவகோட்டையில ஒரு செட்டியார் வீட்டு ரெண்டாங்கட்டுல வாடகைக்கு இருந்தாங்க. மாமா கோயில்ல ஆர்மோனியம் வாசிப்பாரு, தங்கமான மனுசன். தெனமும் சாயங்காலம் அவரோட சிநேகிதர் வருவாரு, ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து ராத்திரி மணியடிக்கிற வரைக்கும் பேசுவாங்க, அத்தை காபி கொண்டுபோய் வச்சுட்டு உள்ள வந்துருவாங்க. புள்ள இல்ல. ஊரு அத்தையத்தான் மலடின்னுச்சு. வருசா வருசம் ஓரியூருக்குப் போயி, அங்க வெட்டுப்பட்டுச் செத்த புனிதர் அருளானந்தர் ரத்தம் பட்டுச் செவந்ததுன்னு சொல்ற அந்த மண்ணை எடுத்துட்டு வந்து வயித்துல பூசிக்குவாங்க. அவங்க செத்தப்புறம் டிரங்குப் பெட்டிய நாந்தான் ஒதுங்க வச்சேன். கோயில் நோட்டீஸ்ல மடிச்ச பொட்டலம் பதினாலு இருந்துச்சு, ஒவ்வொண்ணுலயும் பேனாவால வருசம் எழுதி, 1971-லேர்ந்து 1984 வரைக்கும். கடைசிப் பொட்டலத்தப் பிரிக்கவே இல்ல.

சாகுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரே ஒரு தடவ சொன்னாங்க, "அவுக ஒரு நாள் கூட என்னையத் திட்டுனதில்ல, ஒரு நாள் கூட என்னையத் தொட்டதுமில்ல." மாமா மேல எனக்குக் கோவம் இல்ல, அந்தக் காலத்துல அவரு யாருகிட்ட போயிச் சொல்லுவாரு. உனக்கு அந்தச் சாக்கு இல்லடா. 2018 செப்டம்பர்லயே சுப்ரீம் கோர்ட்டு உன்னைய குற்றவாளி இல்லன்னு சொல்லிருச்சு, நீ சம்பாதிக்கிற, வேற ஊர்ல இருக்க. கல்யாணம் பண்ணா சரியாயிருமான்னு கேக்குறியே, அந்தப் பொண்ணு என்ன மருந்தா?

அருளானந்தர் 1693-ல எதுக்கு வெட்டுப்பட்டாரு, மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் வாங்குறப்ப ஒரு மனைவியோட மட்டும் இருக்கணும்னு சொன்னதுலதான ஆரம்பிச்சுச்சு, கல்யாணத்துல பொய் கூடாதுன்னு. அந்த மண்ணுல போயா பொய்க் கல்யாணத்துக்கு முடி குடுக்கப் போறீங்க? அப்பயும் அனுப்பிவிட்ட மனைவிகள என்னம்மா ஆச்சுன்னு கேட்டவங்க இல்ல, அதுல ஒருத்தி ராமநாதபுரம் ராஜா சேதுபதி வீட்டு உறவுங்கறதால அவ அழுகை அரண்மனை வரைக்கும் போச்சு. எங்க அத்தை அழுகை ரெண்டாங்கட்டத் தாண்டல. பீடத்துக்கு முன்னாடி யாரும் கட்டாயப்படுத்தாம முழு மனசோடதான் வந்தியான்னு கேப்பாங்க, அதுக்கு என்ன பதில் சொல்லுவ? அந்தப் பதில்ல பொய் இருந்தா அது கல்யாணமே இல்லன்னுதான் திருச்சபைச் சட்டமே சொல்லுது.

ஏசாயா 56-ல ஒரு எடம் இருக்கு, அண்ணகன், அதான் ஆண்மை நீக்கப்பட்டவன், தன்னை பட்டமரம்னு சொல்லிக்க வேணாம், புள்ளைகளவிடப் பெரிய பேர நான் குடுப்பேன்னு ஆண்டவர் சொல்றாரு. அது உன்னையப் பத்தி எழுதுனதுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா கல்யாணமும் புள்ளையும் இல்லாதவனுக்கும் தன் வீட்டுல எடம் வச்சிருக்காருல்ல. அத்தைக்கு இத யாரும் வாசிச்சுக் காட்டல, நானும் காட்டல.

அம்மாகிட்ட இப்பவே எல்லாத்தையும் சொல்லணும்னு இல்ல, அடி விழுமோ வெரட்டுவாங்களோன்னு பயமிருந்தா சொல்லாத. கல்யாணம் வேணாம்ங்கறத மட்டும் சொல்லு, தெளிவா, இந்த வாரமே. கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சுட்டா அப்புறம் அந்தப் பொண்ணு பேரும் சேந்து அடிபடும். பாட்டுக்குழுவ விட்டுறாத. பேசிட்டு எனக்கு ஒரு மெயில் போடு, ராத்திரி எந்நேரம்னாலும் பாப்பேன்.