டக் சத்தம் மட்டும் வருகிறது, வண்டி எடுக்கவில்லை: கேள்வி பதில்

எனக்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை. தினமும் கையில் இருப்பது எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரும், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும்தான். கேட்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனித்துச் சொல்லுங்கள்: சத்தம் ஒரே ஒரு டக்கா, தொடர்ந்து டகடகவா? சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட் என்ன ஆகிறது?

கே: காலையில் சாவியைத் திருப்பினால் டகடகடக என்று வேகமாகச் சத்தம், மீட்டர் லைட்டெல்லாம் மினுக்குகிறது. செல்ஃப் போய்விட்டதா அண்ணா?

செல்ஃப் மேல் சந்தேகப்படாதீர்கள், அது வேலை செய்யப் பார்க்கிறது, கரண்ட்தான் போதவில்லை. செல்ஃப் மேல் உட்கார்ந்திருக்கும் சோலனாய்டு (கரண்ட் வந்தால் காந்தமாகும் சுவிட்ச்) உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கும், தடித்த செம்புத் தொடர்புகள் ஒட்டும், மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். பேட்டரியில் அவ்வளவு தெம்பு இல்லையென்றால் அந்த நொடியே வோல்ட் சரிந்து காந்தம் விட்டுவிடும். விட்டதும் சுமை போய் வோல்ட் ஏறும், திரும்ப இழுக்கும். இந்த இழுபறிதான் உங்கள் டகடக.

மல்டிமீட்டர் இருந்தால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி வோல்ட்டைப் பாருங்கள். 12.6 என்றால் நிறைந்த பேட்டரி, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள். ஆனால் 12.6 காட்டினாலும் நம்பிவிடக்கூடாது, சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் அந்தப் பேட்டரிக்குச் சுமை தாங்கவில்லை.

அப்புறம் ஒன்று, இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: புது பேட்டரி வாங்கும் முன் டெர்மினலை, அதாவது பேட்டரி முனையில் வயர் மாட்டும் இடத்தை, கழற்றிப் பாருங்கள். மேலே பளபளவென்று இருக்கும், கிளாம்பைக் கழற்றினால் உள்பக்கம் கரிபோல் ஒரு படலம். நகத்தால் கீறினால்தான் ஈயம் தெரியும். அந்தப் படலத்தோடு லைட்டும் ஹாரனும் வேலை செய்யும், செல்ஃப் மட்டும் எடுக்காது. மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

கே: எனக்கு ஒரே ஒரு டக். பேட்டரி புதுசு. லைட் மங்கவே இல்லை.

நல்ல தகவல், இப்படித்தான் சொல்ல வேண்டும். லைட் மங்கவில்லை என்றால் மோட்டாருக்குக் கரண்ட்டே போகவில்லை. சோலனாய்டு இழுக்கிறது, உள்ளே செம்புத் தொடர்பு தேய்ந்தோ கருகியோ இருக்கும், இல்லையென்றால் மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் செல்ஃபின் உடம்பில் மரக்கட்டையால் லேசாகத் தட்டட்டும். எடுத்தால் பிரஷ்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நேராக ரிப்பேருக்குப் போங்கள், தட்டித் தட்டி ஒரு மாதம் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

கே: டகடக சத்தம், லைட் மங்குகிறது. என்ன செய்ய?

முதல் பதில்.

கே: பேட்டரி மாற்றியும் டகடக.

டெர்மினல். அதுவும் சுத்தம் என்றால் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயர். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் உலோகத்திலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில்தான் கோளாறு.

கே: ஆல்டர்னேட்டர் சரியா என்று பார்க்க, வண்டி ஓடும்போது மைனஸைக் கழற்றினால் போதும். எங்கள் மெக்கானிக் அப்படித்தான் செய்வார்.

வேண்டாம்!

கே: முப்பது வருஷமாக அவர் அப்படித்தான் பார்க்கிறார், ஒரு வண்டியும் கெட்டதில்லை. ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

அவர் கைப்பழக்கம் உருவான காலத்து வண்டிகளில் கெட்டுப்போக எலக்ட்ரானிக்ஸ் அதிகம் இல்லை. இன்றைய வண்டியில் எஞ்சினை நடத்துவதே கம்ப்யூட்டர். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிடுங்கினால் ஆல்டர்னேட்டர் உடனே தணியாது, அந்தக் கணத்தில் வோல்ட் 40-ஐத் தாண்டிக்கூடப் பாயும். அதை வாங்கிக்கொள்ள பேட்டரி அங்கே இல்லை.

கே: அப்படியென்றால் உடனே வண்டி நின்றிருக்க வேண்டுமே?

உடனே நிற்க வேண்டும் என்று இல்லை. கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் ஆல்டர்னேட்டரின் டயோடு அரைகுறையாக அடிபட்டு, நிறுத்திவைத்த வண்டியில் கரண்ட்டைக் கசியவிடும். சில நாளில் பேட்டரி இறங்கி இதே டகடகவோடு இங்கே வருவீர்கள். சோதிக்க மீட்டர் போதும்: எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.5-க்குள் இருந்தால் பெரும்பாலும் சரி. சில புது வண்டிகள் தேவையைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளும், அப்போது ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டுப் பாருங்கள். உங்கள் மெக்கானிக்கிடமும் சொல்லுங்கள், அவர் கையில் வருவது அடுத்தவர் வண்டி.

கே: இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் ஜம்பர் கேபிளில் கடைசி கறுப்பு முனையை எங்கே மாட்ட?

நின்றுபோன வண்டியின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரியை விட்டுத் தள்ளி. மாட்டும்போது பொறி பறக்கும், பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கலாம்.

கே: சத்தமே இல்லை, ஆட்டோமேட்டிக் வண்டி.

நியூட்ரலில் போட்டு முயன்று பாருங்கள். பார்க்கில் எடுக்காமல் நியூட்ரலில் எடுத்தால் கியர் சுவிட்சில்தான் கோளாறு.

கே: டகடக வருகிறது, பேட்டரி மாற்றலாமா?

டெர்மினலைக் கழற்றினீர்களா?