இருபது ஆண்டுகள் கடந்தும் சிலர் மாருதி 800 காரை மாற்றாதது ஏன்?

எத்தனையோ புதிய கார்கள் வந்த பின்னும் பழைய மாருதி 800-ஐ விடாமல் ஓட்டுபவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பணமில்லாமைதான் காரணம் என்று எண்ணுவது பெரும்பாலும் தவறு.

புதிய காரின் மதிப்பு முதல் சில ஆண்டுகளில்தான் மிக வேகமாகச் சரிகிறது. அந்த இழப்பை எப்போதோ கடந்துவிட்ட வண்டிக்கு எரிபொருளும் காப்பீடும் பழுதுச் செலவும் மட்டுமே மிச்சம். இதைவிட முக்கியமானது அதன் எளிமை. 1983 முதல் 2014 வரை தயாரான அந்தக் காரின் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் வகையே ஆம்னியிலும் ஆல்டோவிலும் பயன்பட்டதால், உதிரிபாகங்கள் சிற்றூர்களிலும் கிடைத்தன. எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டியைக் கணினிக் கருவி இல்லாமலே சரிசெய்யும் மெக்கானிக்குகளும் இருந்தார்கள்.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தகுதிச் சோதனையில் தேறினால், பதிவை ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள தேசியத் தலைநகர்ப் பகுதியிலும் பழைய வண்டிகளுக்குக் கட்டுப்பாடு கடுமை.

எனினும், காற்றுப்பை இல்லாத அந்தக் காரில் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் விரைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; உள்ளூர்ப் பயணத்துக்கு அது இன்றும் போதும்.