நகருக்குள் தேனீப் பெட்டி வைக்க அனுமதிக்கலாமா?

கேள்வி: வீட்டுத் தோட்டங்களில் தேனீ வளர்க்க அனுமதிப்பது பற்றி எங்கள் நகர மன்றம் அடுத்த மாதம் முடிவெடுக்கிறது. ஆதரிப்பதா, எதிர்ப்பதா?

பெட்டி வைக்கும் ஆசை உங்களுக்கு இல்லை, அடுத்த வீட்டுக்காரர் வைத்துவிடுவாரோ என்ற அச்சமே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆதரியுங்கள், ஆனால் வரைவில் தண்ணீர் பற்றிய விதி இல்லையென்றால் தயங்காமல் எதிர்த்துப் பேசுங்கள். இதைச் சொல்பவன் பெட்டி வைத்திருப்பவன். அந்த விதியில் தவறித் தலைகுனிந்தவனும்கூட.

நான் வசிக்கும் லாஸ் ஏஞ்சல்ஸில் 1879இல் தேனீ வளர்ப்பைத் தடை செய்தார்கள். தேனீக்கள் பழங்களைத் தின்று பாழாக்குகின்றன என்பது அன்றைய நம்பிக்கை. பழத்தோலைக் கிழிக்கும் வாயமைப்பே தேனீக்குக் கிடையாது. பறவையோ குளவியோ ஏற்கெனவே புண்ணாக்கிய இடத்தில்தான் அது சாறு உறிஞ்சும். ஆயினும் நகர மன்றம் அனுமதி வழங்க 2015 அக்டோபர் வரை ஆயிற்று. தனி வீடுகளில் மட்டும், 2,500 சதுர அடி மனைக்கு ஒரு பெட்டி, வெளியே பறக்கும் தேனீ ஆள் தலைக்கு மேல் எழும்பும்படி ஆறடி உயர வேலியோ சுவரோ, பெட்டியருகே தண்ணீர், அரசிடம் பதிவு. முக்கியமான விதிகள் இவ்வளவுதான்.

தண்ணீர் விதியை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. எனக்கு ஊர் மார்த்தாண்டத்துக்கு அருகில். ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்விடும் பருவத்தில் தாத்தாவின் பெட்டிகளில் தேன் நிறைவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஓடையும் குளமுமாக இருக்கும் அந்த ஊரில் தேனீக்கென்று யாரும் தண்ணீர் எடுத்து வைத்ததாக எனக்கு நினைவில்லை.

2017 ஜூலையில், வெயில் நாற்பது பாகையைத் தாண்டிய நாட்களில், ஒரு திருமணத்துக்காகப் பத்து நாள் வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது தேனீக்களுக்கு வைத்திருந்த தண்ணீர்த் தட்டு காய்ந்து, அதிலிருந்த கூழாங்கற்களின் மேல் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. தேனீக்களோ பக்கத்து வீட்டு நீச்சல் குளத்தின் ஓரத்தில், ஈரமான ஓட்டு விளிம்பில் வரிசையாக நின்று வயிறு துடிக்க நீர் குடித்துக்கொண்டிருந்தன. குளோரின் வாடையுள்ள நீரில் அவற்றுக்கு நாட்டம் அதிகம். அந்த வீட்டுப் பெரியவரின் பேரன் அங்கே ஒரு தேனீயை மிதித்துவிட, அவன் உள்ளங்கால் வீங்கியிருந்தது. "மாடாக இருந்தால் கட்டிப்போடச் சொல்வேன், இதை என்ன செய்யச் சொல்ல?" என்று பெரியவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அன்றே தட்டை நிரப்பினேன்; ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை. ஓரிடத்தில் நீர் குடித்துப் பழகிய தேனீ அவ்விடத்தை எளிதில் விடாது. கடைசியில், இரவில் வாசலை அடைத்து, பல மைல் தள்ளியிருந்த நண்பரின் எலுமிச்சைத் தோட்டத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோனேன். கோடையில் பணித் தேனீயின் ஆயுள் ஏறக்குறைய ஆறு வாரம். குளத்தை அறிந்த தலைமுறை மடியும்வரை காத்திருந்து பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தேன். இம்முறை தட்டைத்தான் முதலில் வைத்தேன்.

ஒருவன் செய்த தவற்றுக்காக எல்லாரையும் கட்டுப்படுத்துவதா என்று தேனீ வளர்ப்பவர்கள் என்னைக் கோபிக்கலாம். ஒவ்வாமை உள்ளவர்களை நான் மறந்துவிட்டதாகவும் சிலர் சொல்லலாம். மறக்கவில்லை, அவர்களை எண்ணித்தான் தண்ணீரையும் வேலியையும் வற்புறுத்துகிறேன். எனக்கு மனத்தாங்கல் வேறு ஒன்றில் உண்டு: இத்தகைய கூட்டங்களில் எவராவது எழுந்து, பெட்டி வைத்தால் அழியும் தேனீ இனங்களைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார். நாம் பெட்டியில் வளர்ப்பது ஐரோப்பியர் 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலில் கொண்டுவந்த இனம். கலிபோர்னியாவில் இயல்பாகவே வாழ்ந்துவரும் தேனீ இனங்கள் ஏறத்தாழ 1,600. அவற்றுள் பெரும்பாலானவை மண்ணுக்குள் தனித்தனியாக வாழ்பவை, தேன் சேர்த்துத் தராதவை. பூக்கள் குறைவான நகரில் பெட்டிகள் பெருகினால் அவற்றின் உணவுக்கும் போட்டி வரும். ஆகவே பெட்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு கேளுங்கள்.

ஆண்டுதோறும் பெரியவருக்கு ஒரு புட்டி தேன் கொண்டுபோகிறேன். சர்க்கரை நோய் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, தட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்.