இரும்பு ஆவியாகிற கோள்கள்: நம் கரைக்காரர்களின் கேள்விகள்

வாலிநோக்கம், உப்பளத் தொழிலாளி: அண்ணே, அறுநூறு ஒளியாண்டு தள்ளி இருக்கிற கோள்ல என்ன காத்து இருக்குன்னு எப்படிச் சொல்றாங்க?

தம்பி, ஒரு சிட்டிகை உப்பை அடுப்புத் தீயில் தூவிப் பாருங்கள், சுடர் சட்டென்று மஞ்சளாகும். அது சோடியத்தின் நிறம். கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது விண்மீன் ஒளியில் கொஞ்சம் அதன் வளிமண்டல ஓரத்தின் வழியாக வருகிறது. அங்கே சோடியம் இருந்தால் அதே மஞ்சளை விழுங்கிவிடும், ஒளியை நிறங்களாகப் பிரித்த பட்டையான நிறமாலையில் அந்த இடம் கோடாக மங்கும். வேற்றுக்கோள் (வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள்) ஒன்றின் வளிமண்டலம் முதன்முதலில் 2002இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் அளவீடுகளில் தெரிந்தது இப்படித்தான்.

தொண்டி, ஆசிரியை: தரையிலிருந்து பார்த்தால் நம் காற்றின் நீராவியும் ஆக்சிஜனும் குழப்பாதா, சார்?

குழப்பும், டீச்சர். ஆனால் இரும்பே ஆவியாகும் அளவுக்குச் சூடான இந்த வேற்றுக்கோள்கள் அசுர வேகத்தில் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றான வாஸ்ப்-76பி தன் விண்மீனை 1.8 நாளில் சுற்றிவிடுகிறது. அந்த வேகத்தால், விண்மீனைக் கடக்கும் சில மணி நேரத்துக்குள்ளேயே அதன் கோடுகள் நிறமாலையில் இடம் மாறிக்கொண்டே போகும், நம் காற்றின் கோடுகள் அப்படியே நிற்கும்.

பாம்பன், கல்லூரி மாணவர்: அங்க இரும்பு மழை பெய்யுதாமே அண்ணே, நெசமா?

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். வாஸ்ப்-76பி ஒரே முகத்தைத்தான் விண்மீனுக்குக் காட்டுகிறது, அந்தப் பகல் பக்கம் 2400 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கிறது, இரும்பே ஆவியாகிவிடும். சிலி நாட்டிலுள்ள, நிறமாலையை அளக்கும் எஸ்பிரெசோ கருவியால் பார்த்ததில், பகலிலிருந்து இரவுக்குள் காற்று நுழையும் மாலை ஓரத்தில் இரும்பு ஆவி தெளிவாக இருந்தது, விடியல் ஓரத்தில் அது தெரியவில்லை. அப்படியானால் இரவுப் பக்கத்தில் அது துளிகளாக இறங்கியிருக்க வேண்டும் என்று 2020இல் எழுதினார்கள். துளியை யாரும் பார்க்கவில்லை, தம்பி. இரண்டு ஓரங்களுக்கும் வெப்பம் வேறுபட்டாலே இதே அடையாளம் வரலாம் என்று அடுத்த ஆண்டே கணக்கிட்டுக் காட்டினார்கள். செய்திகளில் மழை மட்டும் தங்கிவிட்டது, எனக்கு அதில் வருத்தம்தான்.

இராமேசுவரம், பள்ளி மாணவி: தண்ணி இருக்குமா?

பகல் பக்கத்தில் நீர் மூலக்கூறே உடைந்துபோகும்மா. ஆனாலும் இதே போலச் சூடான வாஸ்ப்-18பி என்ற கோளில் மிச்சமிருக்கும் நீராவியை வெப் விண்வெளித் தொலைநோக்கி 2023இல் கண்டுபிடித்தது.

மண்டபம், மீனவர்: நம்ம கரையிலேர்ந்து எதுவும் தெரியுமாப்பா?

கோள் தெரியாது அண்ணாச்சி, அதன் விண்மீன் தெரியும். கெல்ட்-9பி என்றொரு கோள், அதன் பகல் பக்கம் 4000 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கிறது; அதன் விண்மீன், சிக்னஸ் என்ற விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது. செப்டம்பர் முன்னிரவில், வாடை மழை தொடங்குவதற்கு முன், விளக்கில்லாத கரையில் நின்று வடக்கே உயரப் பார்த்தால், நல்ல பைனாகுலரில் சின்னப் புள்ளியாகக் கிடைக்கும். வெறும் கண்ணுக்குச் சிக்காது. வான் வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்தில் அதே மாதிரிப் புள்ளிகள் நிறைய.